ஏழாம் எண் சாட்சி

சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் ஒனேசிம் எங்கே இருந்தாலும் எழுந்து என் கடைக்கு வந்துவிடுவார். ஜன்னல் ஓரம் ஆகாது. பேராலயத்துக்கு முதுகைக் காட்டிப் போட்ட நாற்காலிதான் வேண்டும். ஒரு கோப்பை காப்பி, அதில் ஒரு மூடி ஆப்பிள் சாராயம். குடித்து முடிக்கும்வரை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பார், காதில் தண்ணீர் போனவர் மாதிரி.

"கேக்குதா ஸெலி?"

"என்னது?"

"நாற்காலி இழுக்குற சத்தம்."

"பூட்டுன கோயில்ல யாரு நாற்காலி இழுக்கப் போறா? காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது."

நான் கடை திறந்த 1938லிருந்து இதே கேள்வி, இதே பதில். நாற்காலி என்றதும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். பேராலயத்தில் நாற்காலி போடுகிற வேலை என் அம்மா அர்மாந்தினுடையது. அங்கேதான் அவள் செத்தாள். செத்தவள் ஆவியாக வந்து நாற்காலி அடுக்குகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கிழவரும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாரே என்று எரிச்சல் வரும். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்காமலேயே விறகு வெட்டிக் கொண்டுவந்து பின்கட்டில் அடுக்கிவிட்டுப் போகிற மனுஷனை எப்படித் திட்டுவது? நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

மோர்வாலில் பிறந்தவர்களுக்குப் பேராலயத்தைப் பற்றி இரண்டே செய்தி போதும். அது பெரியது. அது விழும்.

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆயர் ஒருவர், பக்கத்து ஊர்க் கோயிலைவிடப் பதினைந்து அடி உயரம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொத்தர்களும் துணிந்தார்கள். சுவர் எதற்கு, எல்லாம் கண்ணாடியாக இருக்கட்டும், மேலே இருக்கிற கல் விதானத்தின் பாரத்தை வெளியே நிற்கிற முட்டு வளைவுகள் சுமக்கட்டும் என்று கணக்குப் போட்டார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கல்லுக்கு எடையே இல்லை போலத் தோன்றும். அதுதான் அவர்கள் செய்த மாயம். அகலக் கால் வைத்த மாயம். கட்டி முடித்த பன்னிரண்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, பீடத்துக்கு மேலிருந்த விதானம் மொத்தமாகக் கீழே வந்தது. திரும்பக் கட்டியபோது பயந்துபோய் இரண்டு தூணுக்கு நடுவே இன்னொரு தூணைச் செருகினார்கள். அதனால்தான் அங்கே கூர்வளைவுகள் தோளை ஒடுக்கிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. நடுமையத்தில் வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு கோபுரம் எழுப்பினார்கள். விண்ணேற்புத் திருநாளன்று பவனி வாசலைத் தாண்டிய அரை மணியில் அதுவும் விழுந்தது. பிறகு ஊருக்கு மூச்சு இல்லை. மக்கள் நிற்க வேண்டிய நீண்ட பகுதியைக் கட்டாமலே, மேற்குப் பக்கத்தைப் பலகையும் ஓடும் வைத்து அடைத்துவிட்டார்கள். எங்கள் பேராலயத்துக்குத் தலை உண்டு, தோள் உண்டு, உடம்பு கிடையாது.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஒரு காவலாளி வேண்டும். ஒனேசிம் கூரைக்கு ஓடு வேய்கிற குடும்பத்துப் பிள்ளை. உயரத்துக்கு அஞ்சாதவர். பழைய காவலாளி வலேரி செத்தபின் 1912ல் சாவிக்கொத்து இவர் கைக்கு வந்தது. சாவியைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. சாட்சி பார்ப்பது.

கல்லில் விரிசல் விட்டால் அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணச்சாந்து அப்பி, ஈரம் காயுமுன் ஆணியால் தேதி கீறிவிடுவார்கள். அதற்குப் பெயர் சாட்சி. விரிசல் நகர்ந்தால் சாட்சி உடையும். உடையாமல் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து கல் அசையவில்லை என்று அர்த்தம். வலேரி 1907ல் வைத்த சாட்சிகள் மொத்தம் ஏழு. மாதம் முதல் தேதி, பெரிய காற்று அடித்த மறுநாள், ஒனேசிம் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி ஏழையும் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதுவார்: அசைவில்லை. உடைந்திருந்தால் அன்றைக்கே அரசாங்கத்துக் கட்டடக் கலைஞருக்குத் தகவல் போக வேண்டும், கீழே கயிறு கட்ட வேண்டும், யாரும் அங்கே நிற்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

1931, நவம்பர் பத்தொன்பது. வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு வடக்குப் பக்க விதானத்திலிருந்து ரொட்டி அளவுக் கல் ஒன்று கழன்று விழுந்தது. கீழே அம்மா மண்டியிட்டு நாற்காலிக் காலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் தரையில் நாற்காலிக் கால் கிறீச்சிடாமல் இருக்க அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மூன்று நாற்காலி தேய்த்திருந்தாள்.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். ஏறிப் பார்த்தார். ஏழாம் எண் சாட்சி முழுசாக இருந்தது, 1907ம் வருஷத் தேதியோடு. "இருபத்திநாலு வருஷமா இந்த விதானம் அசையவே இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. விதானம் அசையவில்லை, ஆனால் ஒரே ஒரு கல் கழன்று, சரியாக ஒருத்தி தலையில் விழுகிறது. அவள் ஏப்ரன் பையில் இரண்டு மெழுகுத் துண்டு. சாதாரண மெழுகு இல்லை, மணிக்கட்டுத் தடிமன், கல்யாணப் பூசைக்கு ஏற்றுகிற ரகம். "நாற்காலிக்குத் தேய்க்கத்தான் வச்சிருந்தா" என்று பத்தொன்பது வயதில் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். "நாற்காலிக் காலுக்குக் கல்யாண மெழுகா? யாரு குடுத்தா?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என்ன, மாதா தன் மெழுகைத் திருடியவள்மேல் கல்லெறிந்தாள் என்று முடிவாகிவிட்டது. செத்தவர்களுக்கு அரை மணி நேரம் அடிக்கிற சாவு மணி அவளுக்கு மூன்று அடியோடு நின்றது. எங்கள் வீடு மெழுகு வீடு ஆயிற்று. என்னைப் பெண் கேட்டிருந்தவன் அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போனான். கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவர் என்னைக் கட்டினார். அவருக்குக் கதை தெரியாது.

கசாப்புக்கடை ஆல்சிட் இன்றைக்கும் கடைக்குள் நுழையும்போது சொல்வான்: "ஸெலி, விளக்கப் போடு. உங்க வீட்ல மெழுகுக்கா பஞ்சம்?" நான் சிரித்துக்கொண்டே அவன் ஒயினில் தண்ணீர் கலந்து கொடுப்பேன்.

1961, பிப்ரவரி முதல் தேதி. மறுநாள் மெழுகுதிரித் திருநாள். ஊரே க்ரேப் என்கிற மெல்லிய தோசை சுடும், நானும் பெரிய சட்டியில் மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. ஒனேசிம் உள்ளே வந்தார். எழுபத்தேழு வயது, முழங்கால்வரை சுண்ணாம்புத் தூசி. வேறு யாரும் ஏற முன்வராததால் சாட்சி பார்க்கிற வேலை இன்னும் அவரிடம்தான் இருந்தது. நேரே போய் ஜன்னல் ஓரம், பேராலயத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்ன முசியே ஒனேசிம், மணி மாறிப் போச்சா?"

"ஏழு உடைஞ்சிருச்சு."

"எது?"

"ஏழாம் சாட்சி. ரெண்டு நாள் காத்துல. நகம் போற அளவுக்கு விரிஞ்சிருக்கு."

"அப்ப ஆர்க்கிடெக்ட்டுக்குச் சொல்லுங்க. மாவு கலக்குற என்கிட்ட வந்து சொன்னா?"

"அது நான் வச்ச சாட்சி, ஸெலி. தேதி மட்டுந்தான் வலேரியோடது."

எனக்கு விளங்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முட்டு வளைவுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பொண்ணு கல்யாணம் நவம்பர் ஏழு, சனிக்கிழமை. வடக்குப் பக்கத்து மாதா பீடத்துல. வியாழக்கிழமை ஏறுனேன். ஏழாவது உடைஞ்சு கிடக்கு. சொன்னா கயிறு கட்டிடுவாங்க. கல்யாணத்தச் சின்னக் கோயிலுக்கு மாத்தணும். சம்பந்தி வீடு மாவு ஆலைக்காரங்க, கல்யாணத்த நிறுத்த இப்படி ஒரு சாக்குக்குத்தான் சம்பந்தியம்மா காத்துக்கிட்டிருந்தா. ரெண்டே நாளுன்னு நினைச்சேன். பழசச் சொரண்டிட்டுப் புதுசு பூசுனேன். அதே தேதியக் கீறிட்டேன். திங்கக்கிழமை சொல்லிக்கலாம்னு."

"திங்கக்கிழமை ஏன் சொல்லல?"

"உடைஞ்சுதுன்னு காட்ட, உடைஞ்சது எங்க இருக்கு? முழுசால்ல இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். இந்த மனுஷன் ஒரு பேராலயத்தையே உள்ளங்கைச் சாந்தில் மறைத்திருக்கிறார். ஆனால் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. அதைக் கேட்க முப்பது வருஷமாகக் காத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"மெழுகு?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் குடுத்தேன். கல்யாணத்துல மிஞ்சுன துண்டு. அன்னைக்குப் பூசையில நாற்காலி கிறீச்சு கிறீச்சுன்னு இழுத்துது, சம்பந்தியம்மா மூஞ்சச் சுளிச்சா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ஆயர் வர்றதா இருந்துச்சு. அர்மாந்தின், இதத் தேய்ச்சு வை, வடக்குப் பக்கத்துல இருந்து ஆரம்பின்னு நானே சொன்னேன்."

"வடக்குப் பக்கத்துல இருந்து."

"ஆமா."

"மேல உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சே."

"தெரியும். அந்த நேரத்துல ஞாபகம் இல்ல, ஸெலி. சத்தியமா. நாற்காலிச் சத்தந்தான் ஞாபகம் இருந்துச்சு."

அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் சூடாக வரவில்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று ஏறியது. "சாட்சியப் பத்திச் சொல்ல வேணாம். மெழுகு நான் குடுத்ததுன்னு ஒரு வார்த்தை. அதாவது சொல்லியிருக்கலாமே. எங்கம்மாவத் திருடின்னு புதைச்சாங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. என் தோள்ல கை வச்சீங்க."

"அத இழுத்தா இதுவும் கூடவே வந்திரும்னு பயம்." தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே, "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். மூணு சாமியார்கிட்ட. மூணு பேரும் மன்னிச்சாங்க. சத்தம் நிக்கல" என்றார்.

தபசு காலத்தில் பிரசங்கத்தில் பத்துக் கட்டளை வாசிப்பார்கள். 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்கிற இடம் வருவதற்கு முன்பே ஒனேசிம் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். வேலைமேல் என்ன கவனம் என்று மெச்சியிருக்கிறோம். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். இவர் முப்பது வருஷம் மாதம் தவறாமல் சாட்சியின் காலடிக்கே ஏறிப் போய்விட்டு, இன்றுதான் என்னிடம் வந்திருக்கிறார்.

"இப்ப ஏன் வந்தீங்க?"

"காலைல சட்டியில சாந்து கலந்துட்டேன். கரண்டியக் கையில எடுத்துட்டேன். பழகுன கை, தானா போகுது. நாளைக்குத் திருநாள், பிள்ளைங்க மெழுகுதிரி பிடிச்சிக்கிட்டு வடக்குப் பக்கத்துலதான் நிக்கும். கீழ நாற்காலிச் சத்தம் கேட்டுது, ஸெலி. பத்து மணிக்கே. அஞ்சு மணிக்குத்தான கேக்கும்? கரண்டியப் போட்டுட்டு இறங்கிட்டேன்."

"போன் அங்க இருக்கு" என்றேன். "நம்பர் நான் போட்டுத் தரேன். பேசுறது நீங்கதான் பேசணும்."

பேசினார். ஒரு தடவைகூடக் குரல் தடுமாறவில்லை. நான் போய் மாவைக் கலக்கினேன். கட்டி கட்டியாக இருந்தது.

மத்தியானம் கட்டடக் கலைஞர் வந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். நானும் ஏறுவேன் என்றேன். வேண்டாம் மதாம், படி வழுக்கும் என்றார். எங்கம்மா மேல விழுந்த கல்லு எங்க இருந்து விழுந்ததுன்னு நான் பாக்கணும் என்றேன். அவர் விளக்கை எடுத்து ஒனேசிமிடம் கொடுத்தார்.

மேலே இன்னொரு உலகம். கீழிருந்து பார்த்தால் இறகு போலத் தெரிகிற விதானம், மேலிருந்து பார்த்தால் முதுகு காட்டிப் படுத்திருக்கிற மிருகங்களின் வரிசை. வளைவுகளுக்கு நடுவே பழைய கொத்தர்கள் பயந்து போட்ட இரும்புக் கம்பிகள் காற்றில் முனகின. மனிதத் தொண்டையில் வருகிற சத்தம் அது. ஒனேசிம் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். ஆறாவது சாட்சியில் நின்றோம். 1907. வலேரியின் ஏழு வெறும் கொக்கிதான். ஏழுக்கு நடுவில் கோடு போடுவது வீண் வேலை என்பானாம். குனிந்து நகர்ந்து சந்தின் கடைசிக்குப் போனோம். ஏழாவது சாட்சி. நடுவே பிளந்து கிடந்தது. அதே 1907. ஆனால் ஏழின் இடுப்பில் ஒரு கோடு, பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்த கோடு. அவசரத்தில் தன் கைப்பழக்கத்தை மறைக்க ஒனேசிமுக்குத் தோன்றவில்லை. விசாரணைக்கு வந்தவருக்கும் ஏழு ஏழாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு விரற்கடைக் கோடு. அதற்குள் என் அம்மா கிடந்தாள்.

"பெரியவரே, இது உங்க கையா?" என்றார் கலைஞர்.

"என் கைதான்."

கலைஞர் அதன் பக்கத்திலேயே புதுச் சாந்து அப்பினார். தேதி கீற ஆணியை என்னிடம் நீட்டினார். அம்மா செத்த நாளை எழுதட்டுமா, கூடவே அவள் பெயரையும், என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "மன்னிக்கணும் மதாம். சாட்சி தான் பாத்ததை மட்டுந்தான் சொல்லணும். இன்னைக்குத் தேதி போடுங்க."

அவர் சொன்னதுதான் சரி. 1-2-1961 என்று கீறினேன். ஒனேசிம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

திருநாள் சின்னக் கோயிலில் நடந்தது. நகராட்சிக்குக் கடிதம் வந்தது: 1931ல் விதானம் அசைந்திருக்கிறது, இறந்த பெண்மணிமேல் எந்தக் குற்றமும் இல்லை. பங்குச் சாமியார் அந்த வாரமே சாவு மணி அடிக்கச் சொன்னார், முழு அரை மணி. பாதிப் பேர் யார் செத்தது என்று விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். எங்கம்மா என்றேன். முப்பது வருஷம் கழிச்சா என்று சிலர் சிரித்தார்கள், சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒனேசிமுக்குப் பெயர் வைக்க ஊருக்கு அரை நாள் போதுமாக இருந்தது. பொய்ச்சாட்சி. சாவிக்கொத்தை வாங்கிவிட்டார்கள். மகள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள், என் கல்யாணத்துக்காகவா இப்படி என்று. ஆல்சிட் மட்டும் இன்னும் விளக்கைப் போடச் சொல்கிறான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

விதானத்துக்கு மரச்சட்டம் முட்டுக்கொடுத்து, கழன்ற கற்களைத் திரும்பப் பதித்து, ஏப்ரலில் வடக்குப் பக்கக் கயிற்றை அவிழ்த்தார்கள். அவிழ்த்த அன்று ஐந்து மணிக்கு ஒனேசிம் கடைக்கு வந்தார். பழைய நாற்காலி, பேராலயத்துக்கு முதுகு. நான் காப்பி வைத்தேன். மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். காப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

தலையைச் சாய்த்தார். "கேக்குதா ஸெலி?"

நான் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். அம்மாவின் ஏப்ரனோடு எங்களிடம் திருப்பிக் கொடுத்த இரண்டு மெழுகுத் துண்டு அதில் இருந்தது, மஞ்சளாகிப் போய். "எந்திரிங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். கயிறு அவிழ்த்த நாள் என்பதால் பேராலயத்தை இன்னும் பூட்டவில்லை, ஆளில்லை. சாயங்கால வெயில் தெற்குப் பக்கக் கண்ணாடி வழியே வந்து தூணெல்லாம் சிவப்பாக வழிந்தது. வடக்குப் பக்கம், முதல் வரிசை. மூன்று நாற்காலியை விட்டுவிட்டு நாலாவதைக் கவிழ்த்துப் போட்டு மண்டியிட்டேன். அவர் நிற்க மாட்டாமல் தூணைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே பார்த்தார். "ஸெலி, அங்க வேண்டாம். இங்கிட்டு வா."

"கயித்த அவுத்துட்டாங்க முசியே ஒனேசிம். சாட்சி முழுசா இருக்கு. நான் வச்ச சாட்சி."

நாலு காலுக்கும் தேய்த்தேன். நிமிர்த்தி வைத்துக் கல் தரையில் இழுத்தேன். பூனை நடந்த மாதிரி நகர்ந்தது.

"இப்ப கேக்குதா?"

அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். கண்ணில் நீர் கோத்திருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேக்குது."

"அப்ப இன்னும் முடியல" என்றேன். "அடுத்த நாற்காலிய எடுத்துக் குடுங்க."